வியாழக்கிழமை வெளிவந்த மடல்

அத்தியாயம் 4

"மூணு மணிக்கு என் வாயைத் தைக்கப் போறாங்க. இப்ப மணி என்ன?" என்று கேட்டார் ரதிம் ஸௌஹர்.

"ஒன்பதே கால். ஊசி நூல் தேடவே அவங்களுக்கு மத்தியானம் ஆயிடும், கவலைப்படாதீங்க சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் பாஸ் தாலிபோரும் சிரிக்கவில்லை. தாலிபோர் முப்பது வருஷம் தபால் துறையில் காணாமல் போன கடிதங்களைத் துரத்தியவர். ஓய்வு பெற்றதும் ப்ர்னோ நகரில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தார். அதில் அவரும் நானும்தான். என் பெயர் இவேட்டா. அவர் யோசிப்பார், நான் பேசுவேன். அவர் சிரித்து நான் பார்த்தது இரண்டு முறை. இரண்டுமே வேறு யாரோ சொன்ன ஜோக்குக்கு.

ஜிதெனித்ஸெ பகுதியில், நான்காம் மாடியில் இருந்தது ரதிமின் வீடு. வாசலில் காலணியைக் கழற்றச் சொல்லி, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த வீட்டுச் செருப்பைக் கொடுத்தார். புத்தம் புதுசு. யாரும் வருவதில்லை என்று அந்தச் செருப்பே சொல்லிவிட்டது. ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை, பிறவியிலேயே பார்வை கிடையாது. மேஜையில் திரை இல்லாத ஒரு கணினி. அதன் முன்னால் பிரெயில் புள்ளிகள் எழும்பி அடங்கும் ஒரு பட்டை. அவர் விரல்கள் அதை விட்டு நகரவே இல்லை.

விஷயம் இதுதான். ஸ்லாவிக் என்று ஒரு கட்டற்ற மென்பொருள். கணினியில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும். அதற்கு முதலாளி யாரும் இல்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், பழுது பார்க்கலாம். அப்படிப் பழுது பார்க்கும் எண்ணூறு பேர் பேசிக்கொள்ளும் இடம் ஒரு மடலாடற்குழு. ஒருவர் எழுதினால் எண்ணூறு பேருக்கும் போகும். ரதிம் அதில் பத்தொன்பது வருஷமாக எழுதுகிறார். போன வியாழக்கிழமை அந்தக் குழுவுக்கு 'நண்பன்' என்ற பெயரில் ஒரு மடல் வந்தது. திட்டத்தின் தலைவி ரெனாட்டாவை, இங்கே எழுத முடியாத வார்த்தைகளில் திட்டிய மடல். அதில் பாதி வாக்கியங்கள் ரதிமின் பழைய மடல்களில் இருந்து அப்படியே எடுத்தவை. ஐந்து பேர் கொண்ட குழு இன்று மூன்று மணிக்குக் கூடி, ரதிம் இனி எழுதலாமா கூடாதா என்று முடிவு செய்யப்போகிறது.

"நீங்க எழுதினீங்களா?" என்றார் தாலிபோர்.

"இல்ல."

"எழுதணும்னு தோணிச்சா?"

"அடிக்கடி. ஆனா என் சொந்தப் பேர்ல."

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போனது. தப்பு செய்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

"வாக்கியம் மட்டும் இல்ல, இன்னொண்ணும் இருக்கு" என்றார் ரதிம். "எங்க மடல் லிஸ்ட்ல பதில் எழுதினா, முதல்ல மத்தவங்க எழுதினதை வச்சு, அதுக்குக் கீழ நம்ம பதிலை எழுதணும். வழக்கம் அது. என் மாதிரி காதால படிக்கறவனுக்கு அந்தப் பழைய கதையெல்லாம் கேட்டு முடிக்கறதுக்குள்ள காபி ஆறிடும். அதனால எனக்கு மட்டும் விதிவிலக்கு. நான் மேல எழுதலாம். இந்த நண்பனும் மேலதான் எழுதியிருக்கான். எல்லாரும் தீர்ப்பு எழுதிட்டாங்க."

"விட்டுத் தள்ளுங்களேன். வேற எங்கயாவது பேசலாமே, அரட்டை அறை அது இதுன்னு?" என்றேன்.

"அங்க பத்து பேர் ஒரே நேரத்துல கத்துவாங்க. என் மெஷின் ஒரு வரி படிச்சு முடிக்கறதுக்குள்ள இருபது வரி ஓடிடும். இது ஒண்ணுதான் என் வேகத்துக்கு நிக்கற இடம்மா. போன மாசம் முழுக்க நான் இந்த வீட்டுக்கு வெளியே யார்கிட்ட பேசினேன் தெரியுமா? ரொட்டிக் கடைக்காரிகிட்ட. அதுவும் ரெண்டு வார்த்தை."

தாலிபோர் என் பக்கம் திரும்பினார். "அந்த மடலைப் படி. முதல் எழுத்திலேர்ந்து."

என் கைக்கணினியில் குழுவின் சேமிப்பகத்தைத் திறந்தேன். அது உலகத்துக்கே திறந்து கிடக்கும் அலமாரி. "அன்புள்ள ரெனாட்டா, நீ ஒரு..." என்று தொடங்கினேன்.

"மேல ஏதோ இருக்கே."

"அது வெறும் குப்பை பாஸ். கம்ப்யூட்டர் தனக்குத்தானே முணுமுணுத்துக்கறது."

"தபால்காரன் முதல்ல உறையைத்தான் படிப்பான். படி."

படித்தேன். எழுதிய நேரம், செவ்வாய் காலை ஒன்பது பத்து. அதற்கு மேலே இன்னும் சில வரிகள். கடைசியாகக் குழுவில் இருந்து கிளம்பிய நேரம், வியாழன் காலை பத்து நாற்பத்திரண்டு.

"ஒரு கடிதத்துல எப்பவும் ரெண்டு முத்திரை இருக்கும். போட்ட ஊர்ல ஒண்ணு, சேர்ந்த ஊர்ல ஒண்ணு" என்றார் தாலிபோர். "எல்லாரும் முதல் முத்திரையைப் பாத்துட்டு விட்டுட்டாங்க. ரெண்டு நாள் இது எங்க உக்காந்திருந்துச்சு?"

ரதிமின் விரல்கள் பட்டையின் மேல் நின்றுவிட்டன. "வாசல்ல" என்றார் மெதுவாக. "புதுசா சேர்றவங்களோட மடல் நேரா உள்ள போகாது. நிறுத்தி வைக்கும். மாடரேட்டர் பாத்துட்டு உள்ள விடணும், இல்லன்னா குப்பையில போடணும். இதை எப்படி நான் யோசிக்காம விட்டேன்?"

"அப்ப இதைப் படிச்சுப் பாத்துட்டு யாரோ ஒருத்தர் கதவைத் திறந்து விட்டிருக்காங்க. யார் யார் மாடரேட்டர்?"

"மூணு பேர். ஓட்டாகர். ரெனாட்டா. அப்புறம்..." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நான்."

"அடடா" என்றேன்.

"யார் திறந்தாங்கன்னு பதிவு இருக்குமே?" என்று தாலிபோர் கேட்டார்.

"இருக்காது. மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட். பதினாறு வருஷமா மாத்தல."

"பூட்டு சாவி பத்தி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கற ஆளுங்க சார் நீங்க!"

"வெளி ஆளைத்தாம்மா நாங்க சந்தேகப்படுவோம்" என்றார் ரதிம்.

படியிறங்கும்போது தாலிபோரின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். "நம்ம ஆளே திறந்திருக்கலாம் பாஸ்."

"திறந்திருக்கலாம். அப்படி இருந்தா மூணு மணிக்கு நானே அவங்களுக்கு ஊசி கோத்துத் தர்றேன்."

ஓட்டாகர்தான் அந்த ஐவர் குழுவுக்குத் தலைவர். ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் ஆசிரியர். பதினொரு மணிக்கே பள்ளி உணவகத்தில் மாவு உருண்டையும் குழம்புமாக உட்கார்ந்திருந்தார். அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். யார் பக்கமும் சேராமல், எதையும் செய்யாமல் காலம் தள்ளுகிறவருக்கு எங்கள் ஊரில் கிடைக்கும் பட்டம் அது.

"பாவம் ரதிம்" என்றார், உருண்டையை இரண்டாக வெட்டியபடி. "பாவம் ரெனாட்டாவும். அவரை நீக்கலன்னா நான் போயிடுவேன்னு சொல்லிட்டா. அவ போனா திட்டமே படுத்துடும். நான் என்ன பண்ண முடியும்?"

"சாப்பிடலாம்" என்றேன்.

தாலிபோர் என்னை முறைத்துவிட்டு அவரிடம் கேட்டார். "வாசல்ல ஒரு மடல் நின்னா உங்களுக்குத் தகவல் வருமா?"

"வரும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அறிவிப்பு. மூணு பேருக்குமே வரும். அதுக்குன்னு தனியா ஒரு பெட்டி வச்சிருக்கேன்."

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

ஓட்டாகர் கைபேசியை எடுத்துக் கொஞ்ச நேரம் தடவினார். பிறகு வெட்கத்தோடு என் பக்கம் நீட்டினார். திறக்காத அறிவிப்புகள் மூவாயிரத்து நூற்றுப் பதினாலு. தாலிபோர் என்னிடம் கண்ணைக் காட்டினார். ஆக, இந்த ஜென்மத்து வேலை எனக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் இருவரும் குழம்பின் ருசி பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் கடிகார விளம்பரங்களையும் வழுக்கைக்கு மருந்து விற்பவர்களையும் தாண்டித் தாண்டிப் போனேன்.

முக்கால் மணி நேரத்தில் கிடைத்தது. "பாஸ், இந்த நண்பன் புது ஆள் இல்ல. நாலு மாசமா கதவைத் தட்டிக்கிட்டிருக்கான். இது எட்டாவது மடல். முதல் ஏழும் சேமிப்பகத்துல இல்ல. யாரோ ஒழுங்கா குப்பையில போட்டிருக்காங்க."

"ஏழும் ரெனாட்டாவைத் திட்டினதா?"

"தலைப்பு மட்டும்தான் தெரியுது. ரெண்டு ஓட்டாகரைப் பத்தி. மூணு யாரைப் பத்தின்னே தெரியல. மிச்சம் ரெண்டு..." நிறுத்தினேன். "ஒண்ணோட தலைப்பு, 'குருடனுக்கு எதுக்குக் கணினி'."

ஓட்டாகரின் முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"சரி. அவன் எவனோ ஒரு வெறும் பய. ஊர்ல இருக்கற எல்லாரையும் திட்டற ஜென்மம். அலமாரி திறந்து கிடக்குது, ரதிம் எழுதினதை எடுத்து ஒட்டியிருக்கான். அவனை விடு" என்றார் தாலிபோர். "வியாழக்கிழமை காலைல வாசல்ல மொத்தம் எத்தனை மடல் நின்னுச்சு?"

எண்ணினேன். "அஞ்சு. அதுல ரெண்டுதான் வெளியே வந்திருக்கு. ரெண்டும் ஒரே நிமிஷத்துல, பத்து நாப்பத்திரண்டுக்கு. மிச்சம் மூணு விளம்பரம், அது வரவே இல்ல."

"அப்ப கை தவறி எல்லாத்தையும் திறந்து விட்ட கதை இல்ல. பாத்துப் பாத்துப் பொறுக்கியிருக்காங்க. ஐயா, அந்த வாசல் பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

ஓட்டாகர் காட்டினார். அழகான பக்கம். ஒவ்வொரு மடலுக்கும் பக்கத்தில் ஒரு பச்சை வட்டம், ஒரு சிவப்பு வட்டம். எழுத்தே கிடையாது.

"இதைக் கண்ணு தெரியாதவர் எப்படி அழுத்துவார்?" என்றார் தாலிபோர்.

ஓட்டாகர் இருமினார். "அது... போன வருஷம் புதுசா மாத்தினோம். அதிலேர்ந்து ரதிம் கத்திக்கிட்டிருக்கார். அவரோட மெஷின் அங்க வந்தா படம், படம், படம்னு மட்டும்தான் சொல்லுதாம். எது விடறது, எது குப்பைன்னு அவருக்குத் தெரியாது. அதுக்கப்புறம் அவர் வாசல் பக்கமே வர்றதில்ல. சரி பண்ணணும்னு வச்சிருக்கோம்."

பார்வையற்றவர்களுக்கான மென்பொருள் செய்கிற கூட்டம், பார்வையற்றவர் தொட முடியாத ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் சும்மா இருந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அந்த மனிதரின் தட்டை எடுத்துக் கவிழ்த்திருப்பேன். ஆனால் அந்த அசட்டையேதான் ரதிமைக் காப்பாற்றப் போகிறது என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

"ரதிமால பொறுக்கி எடுக்க முடியாது. நீங்க மூவாயிரம் அறிவிப்பைத் திறக்காத மனுஷர்" என்றார் தாலிபோர். "இவேட்டா, கூட வந்த அந்த இன்னொரு மடல் யாரோடது?"

அதை நான் முன்பே பார்த்துவிட்டேன். சொல்லத்தான் நாக்கு எழவில்லை. "ரெனாட்டாவோடது பாஸ். அடுத்த பதிப்பு எப்பன்னு எல்லாருக்கும் சொல்ற சாதாரண மடல். ஆனா ஆபீஸ் விலாசத்திலேர்ந்து அனுப்பிட்டாங்க. அந்த விலாசம் குழுவில இல்ல, அதான் வாசல்ல நின்னுடுச்சு."

"நாங்க எல்லாருமே வாரத்துக்கு ஒரு தடவை பண்ற தப்பு அது" என்றார் ஓட்டாகர், தனக்குத்தானே பேசுவது போல. "தப்பான விலாசத்திலேர்ந்து அனுப்பிட்டு, நாமளே உள்ள போய் நம்ம மடலை விட்டுக்குவோம்."

தட்டைத் தள்ளி வைத்தார். யார் திறந்தார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரெனாட்டா வேலை பார்க்கும் கட்டடத்தின் கீழே ஒரு காபிக் கடை. இறங்கி வந்தாள். முப்பத்துநாலு வயது, தூக்கம் கெட்ட கண்கள். தாலிபோர் இரண்டு நேரங்களையும் ஐந்து மடல்களையும் சொன்னார். அவள் மறுக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள்.

"ஏழு தடவை குப்பையில போட்டேன்" என்றாள். "ரதிமைப் பத்தி வந்ததையும் நான்தான் போட்டேன். அவருக்கே தெரியாது. எட்டாவதைத் திறந்தேன். உள்ள அவரோட வாக்கியம். மேல எழுதியிருக்கு. எல்லாரும் அவர்னுதான் நினைப்பாங்கன்னு தோணிச்சு. பச்சையை அழுத்திட்டேன்."

"அதுல உங்களையேதானே அசிங்கமா திட்டியிருக்கு?" என்றேன்.

"நண்பன் திட்டினதுல எனக்கு வலிக்கலங்க. வலிச்சது அதுக்குள்ள இருந்த ரதிமோட வாக்கியம்." சட்டென்று அவள் குரல் உயர்ந்தது. "ஆறு வருஷம்! நான் எதை அனுப்பினாலும் அரை மணி நேரத்துல எண்ணூறு பேர் முன்னாடி ஒரு திருத்தம். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. 'ரெனாட்டா வழக்கம்போல கவனிக்காமல் விட்டது' அப்படின்னு தொடங்குவார். வழக்கம்போல! எங்க அப்பா செத்த வாரம் கூட வந்துச்சு. அவர் சொல்றது எப்பவுமே சரியா வேற இருக்கும். அதுக்கு எதிரா எங்க விதியில ஒரு வரி கிடையாது. நானும் தேடிப் பாத்தேன். அப்புறம்தான் விதியை மீறின ஒரு மடல் வாசல்ல வந்து நின்னுச்சு."

தாலிபோர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இன்னொண்ணு தெரியுமா உங்களுக்கு? அவர் மெஷின் பேசற குரல் என்னுது. படிக்கற காலத்துல பதினாலு நாள் ஒரு அறைக்குள்ள உக்காந்து பதிவு பண்ணிக் குடுத்தேன். பதினோரு வருஷமா அதை ஒழுங்குபடுத்தறதும் நான்தான். என்னைக் குத்திக் குத்தி எழுதினதை எல்லாம் அவர் அனுப்பறதுக்கு முன்னாடி என் குரல்லதான் கேட்டுப் பாத்திருக்கார்." கோப்பையை வைத்தாள். "போய்ச் சொல்லுங்க. மூணு மணிக்குத்தானே?"

காபிக்கான காசை எண்ணி வைத்துவிட்டு எழுந்தேன்.

மூன்று மணிக்கு ஓட்டாகரின் வகுப்பறையில் இருந்தே குழு கூடியது. மற்ற நான்கு பேரும் தொலைபேசியில் வெறும் குரல்கள். தாலிபோர் பேசினார். ரெனாட்டாவைக் கேட்டார்கள், ஆமாம் என்று ஒரே வார்த்தையில் அவளே எழுதி அனுப்பினாள். ஒரு குரல், ரதிமின் பழைய மடல்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா என்று இழுத்தது. அது இன்றைய விஷயம் இல்லை என்றார் ஓட்டாகர். ரதிம் எழுதலாம். ரெனாட்டா பொறுப்பில் இருந்தும் குழுவில் இருந்தும் ஒரு வருஷம் விலக்கப்படுகிறாள். ஆறு நிமிஷத்தில் முடிந்தது. இத்தனை வேகமாக முடிவெடுக்க இந்த மனிதருக்குத் தெரியும் என்றால் ஆறு வருஷம் எங்கே போயிருந்தார் என்று நினைத்தேன்.

"நாம ஜெயிச்சோமா பாஸ்?" என்று டிராமில் கேட்டேன்.

"கடிதம் சரியான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு" என்றார் தாலிபோர். "அதுக்கு மேல என்னைக் கேக்காத."

கதவைத் திறந்தது யார், அவர் இனி எழுதலாம் என்ற தீர்ப்பு, இரண்டையும் ரதிமிடம் சொன்னோம். காபிக் கடையில் ரெனாட்டா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நான்தான் சொன்னேன். வேண்டுமென்றேதான் விடாமல் சொன்னேன்.

"அது அவங்க குரல்னு தெரியுமா சார்?"

"தெரியாம இருக்குமா? எனக்கு உலகத்தையே படிச்சுச் சொல்ற குரல். எங்க அம்மா குரலை விட எனக்கு அவ குரல் பழக்கம்."

"அப்புறம் ஏன் சார் அப்படி எழுதினீங்க?"

"தப்பு இருந்தா சொல்லணும் இல்ல? சொல்லாம விட்டாத்தான் மரியாதைக் குறைவுன்னு நினைச்சேன்." பட்டையில் இருந்து கையை எடுத்தார். "அப்பா செத்தது எனக்குத் தெரியாது. லிஸ்ட்ல அவ அதை எழுதல."

பிறகு விசைப்பலகையை இழுத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். இருபது நிமிஷம் ஆயிற்று. எண்ணூறு பேருக்கும் அனுப்பிவிட்டு, சரியாகப் போயிற்றா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். சேமிப்பகத்தில் வந்திருந்தது. முதல் மூன்று வரி மன்னிப்பு. நேரான, நல்ல மன்னிப்பு. படிக்கும்போது என் கண் கலங்கியது. அதன் கீழே பதினோரு வரி, ரெனாட்டா பதிவு செய்து கொடுத்த குரல் கோப்பில் இன்னும் மிச்சமிருக்கும் ஒரு பிழையைப் பற்றி.

"மூணு வரியோட நிறுத்தியிருக்கக் கூடாதா நீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

"அந்தப் பிழை நிஜமாவே இருக்கும்மா" என்றார் ரதிம், குழந்தை மாதிரி. "எத்தனை நாள்ல சரி பண்ணுவான்னு பதில் வந்துடும்."

"யார் சரி பண்ணுவான்னு?"

"ரெனாட்டாதான்."

தாலிபோர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "அவங்க இப்ப குழுவில இல்ல ஐயா. ஒரு வருஷத்துக்கு எழுத முடியாது. உங்களுக்காக அதை நாங்கதான் வாங்கிக் குடுத்தோம்."

ரதிமின் கை பட்டையைத் தேடிப் போய், அதன் மேல் நின்றது. "அந்தக் கோப்பைப் பாக்கறவ அவ ஒருத்திதானே" என்றார். "வேற யாருக்கும் அது தெரியாதே."

நாங்கள் இருவரும் வாசலில் உட்கார்ந்து காலணியை மாட்டிக்கொண்டோம். உள்ளே அவர் அந்த மடலை மறுபடி படிக்கவிட்டார். மூன்று வரி மன்னிப்பை ரெனாட்டாவின் குரல் நிதானமாகச் சொல்லி முடித்து, பிழைக்குப் போனது.